பழைய தரையைப் பெயர்ப்பதற்கு முன்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய வீடுகளைப் புதுப்பித்துத் தரும் பொறியாளர் நான். சுவரில் சின்ன விரிசல் என்றால்கூடப் பத்துப் பேரிடம் யோசனை கேட்பவர்கள், தரையைப் பெயர்க்கும் வேலையை மட்டும் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா. நான் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் ஹாலில் வேலை ஆரம்பித்துவிட்டது. ஒரு சாண் அகலமுள்ள பழைய வினைல் டைல்ஸைக் கடப்பாரையால் நெம்பி உடைத்துவிட்டு, அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்த கறுப்புப் பசையைக் கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு தம்பிகள். மூக்கைச் சுற்றித் துண்டு, அவ்வளவுதான். வெளியே பனிமூட்டம், குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஜன்னல் விளிம்பைத் தடவினேன். கோலமாவு போலச் சாம்பல் தூசி விரலில் வந்தது.

"இது வெறும் பிளாஸ்டிக்குங்க சார், மத்தியானத்துக்குள்ள தேச்சு முடிச்சிடலாம்" என்றார் மேஸ்திரி.

நிறுத்தச் சொன்னேன். ஒரு டைல் துண்டையும் கொஞ்சம் பசையையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அது மெல்லிய இழைகளாலான ஒரு கனிமம், வினைல் தரை ஓடுகளிலும் அதைக் கலந்தார்கள். அப்படிப்பட்ட ஓடுகளுக்கென்றே ஐ.எஸ். 3461 என்று இந்தியத் தரநிலையே உண்டு. ஓடு முழுசாக ஒட்டிக்கிடக்கும் வரை இழைகள் உள்ளேயே இருக்கும். உடைத்தால், அதைவிடத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலுக்குள் போனவை எளிதில் வெளியேறுவதில்லை. நுரையீரல் தழும்பு, நுரையீரல் புற்றுநோய், மீசோதிலியோமா (நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) என்று அது தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அன்றைக்கு இருமல் வராததால்தான் யாரும் பயப்படுவதில்லை.

பார்த்த மாத்திரத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, எனக்கும் முடியாது. பழைய வினைல் என்றால் முதலில் பரிசோதனை. இருக்கிறது என்று தெரிந்து, தரையும் நன்றாக இருந்தால், பெயர்க்கவே வேண்டாம், மேலேயே புதுத் தரை போட்டுவிடலாம். அந்தப் பங்களாவின் படுக்கையறைகளில் அப்படித்தான் செய்தோம். எடுத்தே ஆக வேண்டுமானால் பழகிய ஆட்களை வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஓடுகளை உடைக்காமல் முழுசாக நெம்ப வேண்டும். கிரைண்டர், விளக்குமாறு, வீட்டு வாக்குவம் கிளீனர் மூன்றும் கூடாது, ஈரத்துணிதான். கழிவைக் கனமான பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள். பள்ளம் மேட்டில் கொட்டாதீர்கள்.

மொசைக், கிரானைட், சிமெண்ட் தரை என்றால் கவலை வேறு. அவற்றை உலர்வாக அறுத்தால் பறப்பது சிலிக்கா தூசி, கல்லிலும் மணலிலும் இருக்கும் கனிமத்தின் தூசி, அதுவும் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கும் தண்ணீர் ஊற்றித்தான் அறுக்க வேண்டும், குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது.

அப்புறம், அந்த இரண்டு தம்பிகளையும் தனியாக உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். ஒரு நாள் வேலையில் வரும் ஆபத்து குறைவுதான், ஆனால் இதே வேலையை வருஷக்கணக்கில் செய்பவர்கள் அவர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள் என்றேன். புகைபிடிப்பதும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும் என்றும் சொன்னேன். இருவரில் மூத்தவர் தன் கையிலிருந்த பீடிக்கட்டைப் பார்த்தபடியே, "எத்தனை வீட்ல தேச்சிருக்கோம் சார்" என்றார்.