திமிங்கலம் பார்க்க வாருங்கள், ஆனால் போட்டைக் கிட்ட விடச் சொல்லாதீர்கள்

போன கிழமையும் ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு நீலத் திமிங்கலத்தைச் சுற்றி நாலு போட், எல்லாம் இஞ்சின் ஓடியபடி, இரண்டு இளைஞர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணிக்குள் குதிக்கிறார்கள், பின்னால் விசில் சத்தம். அனுப்பினவர் கீழே, “அண்ணை, நீங்களும் இப்படிக் கூட்டிக்கொண்டு போவீங்களா?” என்று கேட்டிருந்தார். மாட்டேன். திருகோணமலையில் திமிங்கலம் காட்டும் போட்டுகளில் வழிகாட்டியாகப் போகிறவன் நான், ஒவ்வொரு சீசனும் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

எனக்கு அதிகமாகக் கோபம் வரவைக்கும் பேச்சு ஒன்று உண்டு. “எழுபது எண்பது அடி மிருகம், இந்தச் சின்னப் போட் அதை என்ன செய்துவிடும்?” படித்தவர்களும் கேட்கிறார்கள். ஐயா, போட் அதை இடிக்கும் என்று யார் சொன்னது? பிரச்சினை மூச்சில் இருக்கிறது. நீலத் திமிங்கலம் மேலே வந்தால் சும்மா வருவதில்லை. சில நிமிடங்கள் நின்று பல தடவை மூச்சு விட்டு எடுத்து, அப்புறம் முதுகை வளைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கும். பிறகு பத்து நிமிடம்வரை கீழேதான். அந்த மேல் நேரத்தில் நீங்கள் அதன் முகத்துக்கு முன்னால் குறுக்கே போட்டை விட்டால், மூச்சு நிறைய முதலே இறங்கிவிடும். குறைந்த மூச்சோடு இறங்கினால் கீழே நிற்கும் நேரம் குறையும், தின்பதும் குறையும். வேறு கடல்களில் இருக்கிற நீலத் திமிங்கலங்களில் பெரும்பாலானவை துருவப் பக்கம் போய்த் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொண்டு வரும். எங்கள் கடலில் இருப்பவை அப்படிப் போவதில்லை, இந்தச் சூடான தண்ணியிலேயே சின்னச் சின்ன இறால்களைத் தேடித் தின்றுதான் வாழவேண்டும். ஆகவே நீங்கள் படம் எடுக்கத் துரத்துவது பந்தியில் இருக்கிறவனின் இலையை இழுப்பது போலத்தான். ஒரு போட் ஒரு தடவை செய்தால் பரவாயில்லை என்பீர்கள். காலை ஆறரையிலிருந்து போட் மாறி மாறி அதையே செய்தால்?

“அது தானாகக் கிட்ட வந்ததே” என்பார்கள். வரும், வந்தால் சந்தோசம். இஞ்சினைக் குறைத்து, அசையாமல் நில்லுங்கள். நீங்கள் போய் வழியில் நிற்பதை அது வந்தது என்று சொல்லாதீர்கள்.

2012இல் வந்த ஒழுங்குவிதிகள் நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்கின்றன, வனசீவராசிகள் திணைக்களம்தான் இதற்குப் பொறுப்பு. ஆனால் நடுக்கடலில் அளவுநாடா பிடிப்பது யார்? அங்கே தீர்மானிப்பது போட்டில் இருக்கும் நீங்கள்தான். காசு கொடுத்தவர் “இன்னும் கிட்ட” என்றால் ஓட்டுகிற தம்பி பாவம், போகத்தான் செய்வான். “காணாவிட்டால் காசு திருப்பித் தருவோம்” என்று போர்டு வைக்கிற இடங்களில் இன்னும் மோசம், காணும்வரை துரத்தியே ஆகவேண்டும். அப்படிச் சொல்கிறவரிடம் பதிவு செய்யாதீர்கள். “எவ்வளவு கிட்டப் போவீங்க?” என்று கேளுங்கள். “தொடலாம்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

திமிங்கலம் பார்ப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த வாதமும் எனக்குச் சம்மதமில்லை. தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் கப்பல் பாதையும் நீலத் திமிங்கலங்கள் மேயும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. மோதிச் செத்தவை உண்டு. திமிங்கலம் எங்கே எத்தனை நிற்கிறது என்று வருஷக்கணக்காகப் பதிவு செய்தபோது தெற்குக் கரை மிரிஸ்ஸவின் திமிங்கலப் படகுக்காரர்களும் ஆய்வாளர்களோடு சேர்ந்தார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளி விட்டது. கடலில் தினமும் ஆள் இருப்பதால் கிடைக்கும் பலன் இது. இங்கே திருகோணமலையில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு குடாவின் வாசலிலேயே தொடங்குவதால், பெட்டி மாதிரித் தலையுள்ள ஸ்பெர்ம் திமிங்கலமும் நீலத் திமிங்கலமும் கரைக்குக் கிட்ட வருகின்றன, சில நாளில் கோணேசர் கோயில் பாறையில் நின்றே மூச்சு எழும்புவதைக் காணலாம். காசில்லாதவர்கள் அங்கே போங்கள், குறை ஒன்றும் இல்லை.

வரப்போகிறவர்களுக்கு: இங்கே மார்ச் முதல் ஆகஸ்ட்வரை, மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை. மாற்றி வந்துவிட்டு என்னோடு சண்டை பிடிக்காதீர்கள். வாந்திக் குளிசையைப் போட்டில் ஏறி வயிறு கலங்கின பிறகு போட்டு என்ன பயன், அரை மணிக்கு முன்னமே போடுங்கள். வெறும் வயிற்றிலும் வராதீர்கள். லைஃப் ஜாக்கெட் குழந்தைக்குப் பெரிதாக இருந்தால் கரையிலேயே சொல்லுங்கள். எல்லாரும் ஒரு பக்கமாக ஓடாதீர்கள், போட் சரியும். பிஸ்கட் உறை, போத்தல் எல்லாம் திரும்பி உங்கள் பையிலேயே வரவேண்டும்.

திமிங்கலம் இறங்கியதும் தண்ணியில் வழுவழுப்பான ஒரு வட்டம் கொஞ்ச நேரம் நிற்கும், வால் அடித்த தடம் அது. அங்கே போட்டை ஓட்டச் சொல்லாதீர்கள், ஒதுங்கிக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்பெர்ம் திமிங்கலம் என்றால் முக்கால் மணியும் ஆகலாம், அந்த நேரம் கொறிக்கக் கடலை கொண்டுவாருங்கள்.

படம் எடுத்தால் வாலின் பின் விளிம்பு தெரியும்படி எடுங்கள். அதில் இருக்கிற வெட்டுகளையும் கிழிசல்களையும் வைத்துத்தான் ஸ்பெர்ம் திமிங்கலங்களை ஒவ்வொன்றாக அடையாளம் பிடிப்பது. தேதி, நேரம், இடம் சேர்த்து உங்கள் வழிகாட்டியிடம் கொடுங்கள். தயவுசெய்து ஃபில்டர் போட்டதை வேண்டாம், அசலையே அனுப்புங்கள்.