முதலாம் எலிசபெத்தின் வெள்ளை முகம்: மேக்கப்பா, சாயம் போனதா?

இங்கிலாந்தை 1558 முதல் 1603 வரை ஆண்ட முதலாம் எலிசபெத் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளையடித்த சுவர் மாதிரியான முகம். பெரியம்மைத் தழும்பை மறைக்க ஈய வெள்ளையை அப்பிக்கொண்டார், அதனால்தான் ஓவியங்களில் இப்படி இருக்கிறார் என்ற விளக்கமும் கூடவே வந்துவிடும். 1562இல் அவருக்குப் பெரியம்மை கண்டது உண்மை. முகப்பூச்சு எவ்வளவு பூசினார் என்பது தனி வழக்கு. அந்த வழக்கில் ஓவியத்தைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் தீர்ப்பு தப்பாகத்தான் போகும். நானூறு வருடத்தில் அந்தச் சாட்சியின் நிறமே மாறிவிட்டது.

அக்கால ஓவியர் முகத்தை எப்படிக் கட்டினார் என்று பார்த்தால் காரணம் புரியும். அடியில் ஓக் பலகை. அதன் மேல் சீமைச்சுண்ணாம்பைத் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்த தளம். அதற்கு மேல் சாம்பல் அல்லது வெளிர் இளஞ்சிவப்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பிறகுதான் தோல்: ஈய வெள்ளையில் கொஞ்சம் ஜாதிலிங்கம் (பாதரசம் சேர்ந்த சிவப்புக் கனிமம்) கலந்து ஆளிவிதை எண்ணெயில் அரைத்த கலவை. கடைசியில் கன்னத்துக்கும் கண்ணோரத்துக்கும் செஞ்சாயத்தைக் கண்ணாடி போல மெல்லியதாக ஓட்டுவார்கள். முகத்துக்கு ரத்த ஓட்டம் தருவது இந்தக் கடைசி ஓட்டம்தான். முதலில் போவதும் அதுதான்.

செஞ்சாயம் என்பது கல்லை அரைத்த நிறமி இல்லை. துணிக்குப் போடும் சாயம். கெர்மஸ், காச்சினீல் போன்ற பூச்சிகளிலிருந்தும், மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்தும், இங்கிருந்து கப்பலேறிய கொம்பரக்கிலிருந்தும் எடுத்தார்கள். சாயம் தோய்த்த துணியைக் கத்தரித்த துணுக்குகளிலிருந்து சாயத்தைத் திரும்பப் பிரித்தெடுப்பதும் உண்டு. அந்தச் சாறு படிகாரத்தோடும் காரத்தோடும் சேர்ந்தால் தூளாகப் படியும். இந்த வகை நிறமிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘லேக்’ என்ற பெயரே அரக்கைக் குறிக்கும் லாக்ஷா என்ற சொல்லிலிருந்து போனதுதான். வெயிலில் உலர்த்திய பட்டுச் சேலை வெளுப்பது போலத்தான் இதுவும் வெளுக்கும். அதுவும் ஈய வெள்ளையோடு கலந்த இடத்திலும், மெல்லியதாக ஓட்டிய இடத்திலும் சீக்கிரம் வெளுக்கும். ஜாதிலிங்கம் கனிமம் என்பதால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். உதடு மட்டும் சிவந்து, கன்னம் செத்துக் கிடக்கும் படங்களில் நடந்தது பல நேரம் இதுதான்.

நல்ல எடுத்துக்காட்டு, லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் உள்ள அரசியின் டார்ன்லி ஓவியம். சுமார் 1575இல் வரைந்தது. அந்த முகத்தில் இப்போது நாம் பார்க்கும் வெளுப்பு, செஞ்சாயம் போனதன் விளைவு. உடையில் பழுப்பாகத் தெரியும் பூவேலையும் முதலில் கருஞ்சிவப்பு. பாடநூலுக்கோ நாடகத்துக்கோ இந்தப் படத்தைப் பார்த்து உடை தைப்பவர்கள் பழுப்பு நூல் வாங்கினால், சாயம் போனதற்குச் சாயம் போட்டது மாதிரி.

சாயம் போனதை எப்படி உறுதி செய்வது? சட்டத்தைக் கழற்றினால், அதன் விளிம்பு மூடியிருந்த கால் அங்குலத்தில் வெளிச்சம் படாத பழைய நிறம் சில நேரம் அப்படியே இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஏற்கெனவே வெடித்த இடத்தின் ஓரத்தில் ஒரு முற்றுப்புள்ளியை விடச் சிறிய துணுக்கை எடுத்து, ரெசினில் பதித்து, பக்கவாட்டில் இழைத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். செஞ்சாய அடுக்கின் மேற்புறம் நிறமற்றும், அடிப்புறம் இன்னும் சிவந்தும் இருந்தால் வெளிச்சம்தான் குற்றவாளி. இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியை மட்டும் முகத்தில் காட்டிவிட்டு, ‘ஈயம் இருக்கிறது, கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, வேறு சிவப்பு இல்லை’ என்று எழுதிவிடுவது. பாதரசம் ஜாதிலிங்கத்தின் அடையாளம். செஞ்சாயமோ கரிமப் பொருள். அந்தக் கருவியின் கண்ணுக்கு அது படவே படாது.

வெளுப்புக்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை. மஞ்சளேறிய பழைய வார்னிஷை எடுக்கிறேன் என்று முந்தைய தலைமுறைகள் காரமும் சாராயமும் போட்டுத் தேய்த்ததில் அந்த மெல்லிய ஓட்டமும் கூடவே போன படங்கள் ஏராளம். வார்னிஷ் பஞ்சுக் குச்சியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏறும். இளஞ்சிவப்பு ஏறினால் அந்த நொடியில் கையை எடுக்க வேண்டும். வருவது வார்னிஷ் இல்லை, அரசியின் கன்னம். போதாததற்கு, ஈய வெள்ளை எண்ணெயோடு வினைபுரிந்து காலப்போக்கில் கொஞ்சம் ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். அடியிலுள்ள சாம்பல் மேலே கசிந்து, முகம் இன்னும் குளிர்ந்துபோகும்.

மற்ற நிறங்களுக்கும் இதே கதி. கோபால்ட் கலந்த கண்ணாடித் தூளான ஸ்மால்ட் நீலம் பொட்டாசியத்தை இழந்து சாம்பலாகும். செம்புக் களிம்பில் செய்த பச்சை பழுப்பாகும். அரசியை வரைந்த ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியார்டின் சிற்றோவியங்களில் முத்துகளைப் பாருங்கள். ஈய வெள்ளையைத் துளியாக எழுப்பி, அதன் உச்சியில் மினுக்குக்காக வெள்ளிப் பொட்டு வைப்பார். வெள்ளி கறுத்துவிட்டதால் இன்று ஒவ்வொரு முத்தின் தலையிலும் ஒரு கரும்புள்ளி. உருப்பெருக்கிப் பார்ப்பவர்கள் அதை நிழல் என்று விளக்குகிறார்கள். ஹில்லியார்ட் முகத்தில் நிழல் விழுவதை முடிந்தவரை தவிர்த்தவர். மரநிழல் இல்லாத திறந்த தோட்டப் பாதையில் அரசி உட்கார்ந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நிறத்துக்கு அடுத்து, வயது. அரசி ஒவ்வொரு படத்துக்கும் உட்காரவில்லை. அங்கீகாரம் பெற்ற ஒரு முகத்தின் மாதிரித்தாள் பட்டறைக்குப் பட்டறை போகும். கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் தட்டி, அல்லது தாளின் பின்புறம் கரி தேய்த்து மேலே கோடிழுத்து, முகத்தைப் பலகைக்கு மாற்றுவார்கள். அகச்சிவப்புக் கேமராவில் அந்தக் கரிக்கோடு தெரியும். டார்ன்லி முகம் 1590கள் வரை இப்படிப் புழங்கியது. 1563லேயே அரசியின் படங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க ஓர் அறிக்கை வரைவு எழுதப்பட்டது. 1596இல் தரக்குறைவான படங்களை அழிக்கச் சொல்லி அரசவை ஆணையே போட்டது. அறுபது வயதில் நாற்பது வயது முகம் வந்த வழி இதுதான். அதை வைத்து ‘அரசி மூப்படையவே இல்லை’ என்று எழுதுவோரிடம் சொல்ல ஒன்றுமில்லை.

பலகையும் பேசும், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்தால் கடைசி வளையம் எந்த ஆண்டுடையது என்று தெரியும். தச்சர் மரத்தின் வெளிப்புற மென்பகுதியான வெள்ளையைச் செதுக்கி எறிந்து, வைரம் பாய்ந்த உட்பகுதியை மட்டும் வைத்திருப்பார். அதனால் பால்டிக் ஓக் என்றால் வெள்ளைக்காகக் குறைந்தது 8 வளையம் கூட்டுவது வழக்கம். கடைசி வளையம் 1559 என்றால் மரம் 1567க்கு முன் வெட்டப்படவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த ஆண்டில் வரைந்தது என்று எழுதிவிடக் கூடாது. முடிசூட்டு ஓவியத்தில், தலைமுடியை விரித்துவிட்டு முழுக் கிரீடத்தோடு இருக்கும் அரசிக்கு வயது 25. பலகையோ சுமார் 1600ஐச் சேர்ந்த படம் என்கிறது. காணாமல்போன பழைய படத்தின் நகல் அது. மாறாக, ஃபீனிக்ஸ், பெலிகன் என்ற இரு ஓவியங்களின் பலகைகளும் ஒரே மரங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்ததும், இரண்டும் ஒரே பட்டறை என்ற சந்தேகம் உறுதியானது.

பிற்காலக் கையும் கத்தரியும் தனிக் கணக்கு. ஆர்மடா என்ற ஸ்பானியக் கடற்படையை வென்றதைக் கொண்டாடும் ஓவியத்துக்கு மூன்று பிரதிகள். வோபர்ன் அபேயில் ஒன்று, 2016இல் பொதுமக்கள் நிதியோடு வாங்கி கிரீனிச்சில் வைத்தது ஒன்று, நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் ஒன்று. கடைசியதை இரு பக்கமும் வெட்டிவிட்டார்கள். கப்பல்கள் ஓரத்தில் துண்டுதான் மிச்சம். கிரீனிச் பிரதியின் கடற்காட்சிகள் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திரும்ப வரைந்தவை. 2017இல் சுத்தம் செய்தபோது அவற்றை நீக்காமல் விட்டது சரியான முடிவு. மேலே உள்ளதைச் சுரண்டினால் அடியில் முழுப் படம் கிடைக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. 1590களின் டிட்ச்லி ஓவியத்திலும் ஓரம் போய்விட்டதால், வலப்பக்கக் கவிதையின் வரிகளுக்கு முடிவில்லை.

படத்தை அச்சுக்கோ வகுப்புக்கோ எடுக்கும்போது, படம் உள்ள அருங்காட்சியகத்தின் சொந்தக் கோப்பையே எடுங்கள், பதிவெண்ணையும் அளவையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். ‘சுமார்’, ‘நகல்’, ‘பட்டறை’ என்ற சொற்களை இடமில்லை என்று வெட்டாதீர்கள். உதட்டையும் கன்னத்தையும் கூட்டிச் சிவப்பாக்கிய கணினிப் படங்களைப் போடுவதானால், அது கணிப்பு என்று படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.