‘பேக்கப் எடுத்தாச்சு’ என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள்

மென்பொருள் அணியை நடத்தும் மேலாளருக்கு கோடு எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அணி சொல்லும் பதிலைக் கேட்டதும், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். பேக்கப் விஷயத்தில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். “டெய்லி பேக்கப் ஓடுதா?” “ஓடுது சார்.” எக்செல் தாளில் அந்தக் கட்டம் பச்சையாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசியாக அதை ரீஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து தரவைத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது?

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடுகளைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், துணை சர்வரில் அழிக்க நினைத்த டேட்டாபேஸ் கோப்புறையை, ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு 9.6, பேக்கப் கருவியின் பதிப்போ 9.2. பதிப்பு பொருந்தாமல் வேலை தினமும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்கின் நகல்) காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. விவரம் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை.

“ரெப்ளிகா இருக்கு, கவலை வேண்டாம்” என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு பதில். முதன்மை டேட்டாபேஸின் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றும் நகல்தான் ரெப்ளிகா. முதன்மை சர்வரில் ஒரு டேபிளை அழித்தால், அடுத்த சில நொடியில் ரெப்ளிகாவிலும் அது அழியும். வன்பொருள் பழுதானால் ரெப்ளிகா கைகொடுக்கும். ஆள் செய்யும் தவறுக்கு உதவாது.

நேரக் கணக்கும் மேலாளருக்குத் தெரிய வேண்டும். 300 ஜிபியை நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் நகலெடுக்க, நகலுக்கு மட்டும் 11 மணி நேரம் ஆகும். மெகாபிட்டை மெகாபைட் என்று எடுத்துக்கொள்பவர், ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடுவார். ஒரு பைட் என்பது எட்டு பிட்; அதனால் எட்டு மடங்கு பிசகு அது. பழி இரவெல்லாம் விழித்திருக்கும் அணியின் மேல் விழும்.

மாதம் ஒருமுறை ஒத்திகை வையுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். தனி சர்வரில் நேற்றைய பேக்கப்பை ஏற்றச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முக்கியமான மூன்று டேபிள்களின் வரிசை எண்ணிக்கை, கடைசிப் பதிவின் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப் தோற்றால் மட்டும் மின்னஞ்சல் வரும் ஏற்பாட்டை நம்ப வேண்டாம். வெற்றி பெற்றாலும், கோப்பின் அளவோடு தினமும் செய்தி வரட்டும். நேற்று 40 ஜிபி, இன்று 20 கேபி என்றால் யார் கண்ணிலும் படும்.

இந்த ஒத்திகைக்கு அணி ஒரு கூடுதல் சர்வர் கேட்கும். மாதத்தில் ஒருநாள் ஓடும் சர்வர் எதற்கு என்று, பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வெட்டுவதற்கு முன், அந்த ஒத்திகை ஒன்றிலாவது உட்கார்ந்து பாருங்கள்.