புத்தகப் பையைக் கழற்ற மறுக்கும் பிள்ளை

"பிடிவாதக்காரன், சொல்பேச்சுக் கேட்பதில்லை, வகுப்பு முடியும்வரை பையைத் தோளிலிருந்து இறக்குவதில்லை" என்ற குறிப்போடு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைச் சென்ற வாரம் பள்ளியிலிருந்து, பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். இதே தொனியில் இந்தக் கல்வியாண்டில் எனக்கு வரும் ஐந்தாவது கடிதம் இது. (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) என் அறையிலும் அவன் பையோடுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வெகுநேரம் படம் வரைந்த பிறகு, நான் கேட்காமலே பையைத் திறந்து காட்டினான். கணக்குப் புத்தகத்துக்கு மேலே ஒரு மாற்றுச் சட்டை, பல் துலக்கும் பிரஷ், தங்கையின் ஒற்றைக் காலுறை, காகிதத்தில் சுற்றிய பாதி பிஸ்கட் பொட்டலம். வீட்டை இழந்த பின் அந்தக் குடும்பம் ஏழு மாதங்களில் நான்கு இடங்களுக்கு மாறியிருக்கிறது; ஒவ்வொரு முறையும் பள்ளி விட்டுத் திரும்பிய பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவன் பையை இறக்கியிருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

"அதுதான் இப்போது வீடு கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்காத ஆசிரியரும் இல்லை, உறவினரும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே பெரியவர்களுக்கு வீடு வந்துவிடுகிறது. நாளையும் இதே கதவு திறக்கும் என்று பிள்ளை நம்புவதற்கோ பல மாதங்கள் ஆகலாம். அலைந்த காலத்தில் வாய் திறக்காமல் சமாளித்த பிள்ளை, குடியேறிய பிறகே அழுவதும், எரிந்து விழுவதும், படுக்கையை நனைப்பதும் உண்டு. இனி அழுதாலும் ஆபத்தில்லை என்று அதற்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது. அதைப் போய் நன்றிகெட்டதனம் என்கிறார்கள். "தெருவிலா படுத்தார்கள், சொந்தக்காரர் வீட்டில்தானே இருந்தார்கள்" என்பது இதன் இன்னொரு வடிவம். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் உறங்கும்வரை பாய் விரிக்கக் காத்திருந்த பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 27ஆம் பிரிவில், உணவுக்கும் உடைக்கும் இணையாக வீட்டையும் வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

மனநலத் துறை சார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது பல மாதங்கள் கிடைக்காமல், எந்நேரமும் வாசலையே கவனித்துப் பழகிய பிள்ளை, பார்ப்பதற்குக் கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளையைப் போலவே இருக்கும். தூக்கத்தையும் இடமாற்றங்களையும் விசாரிக்காமல் அந்த முத்திரையைக் குத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, பை தோளிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். இருக்கையை மாற்றுவதானால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். தாமதமாக வந்ததற்கு வாசலில் நிறுத்தாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை பேருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. "என் வீடு" என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது வேறொரு தலைப்பையும் கொடுங்கள். இலவச நோட்டுப் புத்தகத்தை வகுப்பின் முன்னால் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்காமலிருக்க உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோரே, "இனி எங்கும் போகமாட்டோம்" என்று உங்கள் கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். மாற வேண்டி வந்தால் காலையிலேயே சொல்லுங்கள், பிள்ளையின் பொருள்களை அதன் கையாலேயே கட்ட விடுங்கள். எதற்கும் அழாமல் தம்பி தங்கையரைக் கவனித்துக்கொள்ளும் மூத்த பெண்ணைப் பற்றி எனக்குக் கடிதமே வருவதில்லை. அவளையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், யாரோடும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பிள்ளை பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை எனக்குக் கடிதம் எழுதுமுன், அந்தப் பிள்ளை கடந்த ஓராண்டில் எத்தனை இடங்களில் உறங்கியது என்று பெற்றோரிடம் தனியாக விசாரித்து, பிடிவாதத்தைப் பற்றி எழுதும் அந்த முதல் வரியில் அதை எழுதி அனுப்புங்கள்.