சத்தம் கூடினால் இழுவை கூடாது, தம்பி

எஞ்சின் ஹெட்டில் சைலன்சர் குழாயைப் பிடிக்கும் ஸ்டட் முறிந்து, இடையில் நசிந்து அடைக்கும் கஸ்கட் வளையம் எரிந்து, பிளக் சுண்ணாம்பாய் வெளுத்து, இன்னொரு நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் எங்கள் திருகோணமலைக் கராஜுக்குள் உருட்டிக்கொண்டு வரப்படுகிறது. முறைப்பாடு வழமையானதுதான்: "பிக்கப் இல்லை அண்ணா, காபரேட்டரைக் கழுவிப் பாருங்கோ." குனிந்து பார்த்தால் சைலன்சர் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளைக் காணோம். வாயில் ஒரு குழாய்த் துண்டு ஒட்டு (வெல்டிங்) வேலை. காபரேட்டரில் ஒரு அழுக்கும் இல்லை. வாங்கி ஒரு மாதமான வண்டிக்கு முதல் செய்த "மொடிபை" இது.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அமெரிக்க மசில் கார் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பும் காணொளியை போனில் பத்துத் தரம் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் அந்த உறுமலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 5.0 லீற்றர் மஸ்டாங்கில் எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டர் மட்டும் ஏறக்குறைய 625 சிசி. அதற்குள் நாலு பல்சர் 150 எஞ்சினைப் போட்டு மூடலாம். அந்தக் குடுகுடுச் சத்தம் சைலன்சர் தந்ததல்ல. வி8 எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அமைப்பால் ஒவ்வொரு பக்கத்து நாலு சிலிண்டரும் ஒழுங்கற்ற இடைவெளியில் வெடிப்பதால் வருவது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் எந்தக் குழாயைப் பூட்டினாலும் அது வராது. வருவது தண்ணீர் இறைக்கும் மெசின் சத்தம்.

சத்தம் கூடினால் பவர் கூடும் என்ற நம்பிக்கைதான் தலைவலி. எத்தனை தரம் சொன்னாலும் ஏறுவதில்லை, அதனால் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் வண்டியின் பதினாலு குதிரைவலு என்பது பத்தாயிரம் வாற்றுக்குச் சற்று மேல். வெட்டின சைலன்சரின் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி 110 டெசிபல் வருகிறது என்று வையுங்கள், அது காது கிழியும் சத்தம். அந்த முழுச் சத்தத்தையும் எல்லாத் திசையிலும் அள்ளிக் கூட்டினாலும் ஒரு வாற்றில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஒரு டோர்ச் பல்புக்கும் காணாது. அடைத்து வைத்த பவர் சத்தமாக வெளியே வருகிறது என்று நினைக்கிறீர்களே, அப்படி அடைபட்டுக் கிடந்தது எதுவும் இல்லை. மனிதக் காதுதான் ஏமாளி. சத்தமாக ஓடும் வண்டி வேகமாக ஓடுவதாக அதற்குத் தோன்றும். சந்தேகமென்றால் ஸ்டொப்வொட்ச் பிடித்து, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வெட்டின பிறகு அளக்க ஒருவரும் வருவதில்லை.

460 குதிரைவலு மஸ்டாங்கிலேயே பின் சைலன்சரை மட்டும் நல்ல தரத்தில் மாற்றினால் கிடைப்பது மிஞ்சினால் பத்து, பதினைந்து. நூற்றுக்கு மூன்று வீதம். அதே வீதம் உங்கள் வண்டிக்குக் கிடைத்தாலும் அரைக் குதிரை தேறாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்", அதாவது புகையைக் குழாய் கொஞ்சம் தடுக்க வேண்டும், என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் பிழை. பின்னழுத்தம் எந்த எஞ்சினுக்கும் வேண்டாம். வேண்டியது புகையின் வேகமும் அலை திரும்பும் நேரமும். குழாய் விரியும் இடத்தில் அழுத்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும் அந்தக் கணத்தில் ஹெட்டை எட்டினால் புதுக் கலவை நன்றாக இறங்கும். குழாயின் நீளமும் விட்டமும் அதற்காகக் கணக்கிட்டவை. பெரிய குழாய் போட்டால் புகை சோம்பி நகரும், கீழ் ஆர்பிஎம் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதான) இழுவை போய்விடும். மார்க்கட்டிலிருந்து அனுராதபுரச் சந்தி வரை நீங்கள் ஓடுவது அந்தக் கீழ் ஆர்பிஎம்மில்தானே? பல்சரின் முன்குழாயில் புடைத்து நிற்கும் சின்ன அறையை "அடைப்பு" என்று வெட்டி எறிகிறார்கள். கீழ் இழுவைக்காகவே பஜாஜ் வைத்த அறை அது. (பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வேறு கதை. அதில் குழாயின் உருவமே பாதி எஞ்சின். அதையும் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்ய.)

உண்மையான இழுவை வேண்டுமென்றால் முதலில் இருப்பதைச் சரிக்கட்டுங்கள். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் பீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்துப் பாருங்கள். மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றை ஒட்டிய கதை அது, கண்ணால் மட்டிட முடியாது. 2020 இல் நின்ற வண்டி இறக்குமதி 2025 இல்தான் திறந்தது, அதனால் இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பழசு, வால்வை ஒருநாளும் பார்க்காதவை. எயார் பில்டர், பிளக், கிளச் கேபிள், ரயர் காற்று, தொய்ந்த செயின். இதற்கே "புது வண்டி மாதிரி" என்பீர்கள்.

அதற்குப் பிறகும் போதாதென்றால் ஸ்பிரொக்கற், செயின் ஓடும் பற்சில்லு. முன்னால் 15 பல், பின்னால் 44 என்று இருந்தால், முன்பல்லை 14 ஆக்கினாலே சில்லுக்குப் போகும் இழுவை ஏழு வீதம் கூடும். உச்ச வேகம் அதே அளவு குறையும், செயின் கொஞ்சம் சீக்கிரம் தேயும். சைலன்சருக்குக் கொட்டும் காசில் ஒரு துண்டு போதும். ஆனால் இதில் சத்தம் வராது, ஆகவே ஒருவருக்கும் பிடிக்காது. அதற்கும் முதல் பிறேக் பாட், நல்ல ரயர். கோட்டை வாசல் பக்கம் மேயும் புள்ளிமான் எந்த நேரமும் வீதிக்குள் பாயும். உங்கள் சத்தத்துக்கு மிரண்டே பாயும்.

எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு பில்டர் பூட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நிலாவெளி வீதியில் பறக்கும் மணல் நேரே பிஸ்டனுக்குப் போகும்.

இத்தனைக்கும் பிறகு சைலன்சர் மாற்றியே தீருவேன் என்றால் ஒழுங்காக மாற்றுங்கள். அசலை வெட்டாதீர்கள், முழுதாகக் கழற்றுங்கள். ஹெட்டிலுள்ள நட்டுகளில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். பலவந்தமாகத் திருகினால் ஸ்டட் அலுமினியத்துக்குள் முறிந்து நிற்கும், பிறகு துளையிட்டு எடுக்க ஹெட்டே இறங்க வேண்டும். கஸ்கட் வளையம் ஒருமுறைதான் நசியும், பழையதைத் திரும்பப் போட்டால் காற்று இழுக்கும். நட்டுகளைக் கையால் விட்டு, பின் பிடியையும் தளர்வாகப் பூட்டி, குழாய் தானாக உட்கார்ந்த பிறகு ஹெட் பக்கத்தை மாறிமாறி இறுக்குங்கள். 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். பின் பிடி கடைசியில். இந்த ஒழுங்கு தலைகீழானால் அதிர்வு முழுவதும் ஒட்டின இடத்துக்குப் போய் வெடிப்பு விழும்.

குழாய் இலகுவாக மூச்சுவிடத் தொடங்கினால் பெற்றோல் காணாது. த்ரொட்டிலை விட்டதும் படபடவென்று வெடிக்கிறதே, அது பவர் அல்ல. எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் எரிகிறது. ஒன்றில் பெற்றோல் குறைந்து கலவை மெலிந்துவிட்டது, அல்லது கஸ்கட்டில் ஓட்டை. அப்படியே ஓடினால் எஞ்சின் கொதித்து எக்ஸோஸ்ட் வால்வு கருகும். மிக்குனி காபரேட்டரில் மெயின் ஜெட் (பெற்றோல் வரும் துளை) 115 என்றால் 117.5, அதற்கடுத்தது 120. ஒரு படி மட்டும் கூட்டி, மெதுவோட்டக் கலவையைத் திருத்தும் பைலட் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். பிளக் கழற்றினால் தேத்தண்ணி நிறம் நல்லது. வெள்ளை ஆபத்து, கரி பூசினாற்போல் கறுப்பென்றால் பெற்றோல் வீண். இன்ஜெக்ஷன் வண்டியென்றால் ஒட்சிசன் சென்சர் பூட்ட இடமுள்ள குழாயா என்று வாங்கும்போதே பாருங்கள். வண்டியில் குழாய் இருக்க வெல்டிங் வைக்க விடாதீர்கள், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) போனால் வண்டி விலையில் ஒரு பங்கு போகும்.

திருகோணமலையில் இன்னொரு சங்கடம் உப்புக் காற்று. கறுப்பிரும்புக் குழாய் கிண்ணியாப் பாலத்தால் தினம் போய்வரும் வண்டியில் நெடுநாள் தாங்காது. 304 ஸ்டெயின்லஸ் கேளுங்கள், கையோடு ஒரு காந்தம் கொண்டு போங்கள். பொத்தென்று ஒட்டினால் அது 304 இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் நாகம் (சிங்க்) பூசின ஜி.ஐ. பைப்பில் செய்து தருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒட்டும்போது கிளம்பும் அந்த வெள்ளைப் புகையில் ஒட்டுகிறவருக்கே காய்ச்சல் வரும். வெப்பநாடா சுற்றினால் ஈரமும் உப்பும் உள்ளேயே நிற்கும், குழாய் மறைவில் அரிக்கும். ஸ்லோவேனிய சைலன்சர் கம்பனி அக்ராபோவிச் பெயரை லேசரில் பொறித்து மலிவாக விற்கும் குழாய்களில் பெரும்பாலானவை அந்த நாட்டையே கண்டதில்லை.

சைலன்சரின் அடியில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பயந்து எம்-சீல் பசை வைத்து அடைக்காதீர்கள். ஓர்ஸ் ஹில்லிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் காயும் அளவுக்குச் சூடாவதில்லை, அந்தத் தண்ணீர் போக இருக்கும் ஒரே வழி அதுதான்.

சூட்டு மறைப்புத் தகட்டை அழகுக்காகக் கழற்றும் பழக்கத்தையும் விடுங்கள். சுடுவது உங்களுக்கல்ல, பின்னால் இருக்கும் பிள்ளையின் கெண்டைக்காலுக்கு. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், பற்பசை வேண்டாம்.

கழற்றின அசல் சைலன்சரின் உட்புறத்தில் கொஞ்சம் எண்ணெய் தெளித்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் தேடுவீர்கள். பொலிஸ் மறித்துக் கழற்றச் சொன்னால் அன்றைக்கே தேடுவீர்கள். வெட்டின சைலன்சரைப் பழையபடி ஒட்டித் தரச் சொல்லி மட்டும் கொண்டு வராதீர்கள். உள்ளே இருந்த தகடுகள் இல்லாமல் வெளியே ஒட்டி என்ன பயன்?