தொப்பூர் இறக்கமும் வான்சண்டைக் கணக்கும்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும் லாரி ஓட்டுநருக்குத் தொப்பூர் கணவாய் நெருங்கியதுமே கால் பிரேக்கைத் தேடத் தொடங்கிவிடும். சரக்கேற்றிய வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்கினால், எஞ்சின் இழுக்காமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். அந்த வேகத்தைக் கொடுப்பது அப்போது எரியும் டீசல் அல்ல, வண்டி நின்றிருந்த உயரம். உயரம் வேகமாக மாறும். வேகம் உயரமாக மாறும். இணையத்தில் போர் விமானம் ஓட்டிச் சண்டையிடும் விளையாட்டுகளில் யார் வீழ்த்துவார், யார் வீழ்வார் என்பதைப் பெரும்பாலும் இந்த விதியே முடிவு செய்கிறது.

வார் தண்டர், ஐ.எல்-2, டி.சி.எஸ். போன்ற அந்த விளையாட்டுகளை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆடும் கல்லூரி மாணவர்களிடம் திறமை என்றால் என்ன என்று கேட்டால், “கை வேகம்” என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திரையில் ஒரு ஒளி தோன்றியதும் பொத்தானை அழுத்த, உடல்நலமுள்ள இளைஞர் எவருக்கும் ஏறக்குறைய கால் விநாடி ஆகும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் விநாடியில் நூறில் சில பங்குதான். விமானத்தைத் திருப்பி எதிரியின் வாலுக்குப் பின்னால் கொண்டுபோகவோ பத்து, இருபது விநாடிகள் வேண்டும். அந்த விநாடிகளில் வேலை செய்வது மூளை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு விமானம் 1,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. இன்னொன்று 3,000 மீட்டரில் 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வலுவான நிலையில் இருப்பது எது? புதிதாக ஆடுபவர் வேகமானியைப் பார்த்து முதல் விமானத்தைச் சொல்வார். வேகத்தை அப்படியே உயரமாக மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டால் (வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்), முதல் விமானத்துக்குச் சுமார் 1,400 மீட்டர் வருகிறது, மொத்தம் 2,400. இரண்டாவதற்கு வேகத்திலிருந்து 630 மீட்டர்தான் வருகிறது. ஆனாலும் மொத்தம் 3,600-ஐத் தாண்டுகிறது. மெதுவாகப் பறப்பவரிடம்தான் ஆற்றல் அதிகம்.

இந்தச் சிந்தனையை 1960களில் முறையான கோட்பாடாக்கியவர்கள் அமெரிக்க விமானப் படையின் ஜான் பாய்டும் கணிதவியலர் தாமஸ் கிறிஸ்டியும். எஞ்சினின் உந்துவிசையிலிருந்து காற்றின் எதிர்ப்பைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால், அந்தக் கணத்தில் விமானம் ஆற்றலைச் சேர்க்கிறதா இழக்கிறதா என்பது தெரிந்துவிடும். பின்னாளில் அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானத்தின் வடிவமைப்பில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு இருந்தது.

சேர்த்த ஆற்றல் எதில்தான் அதிகமாகக் கரைகிறது? திருப்பத்தில். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்ப, இறக்கைகள் எடையைப் போல இரண்டு மடங்கு தூக்க வேண்டும். சுமார் 75 பாகை சாய்ந்தால் நான்கு மடங்கு. அதே வேகத்தில் தூக்குவிசை இரட்டித்தால், தூக்குவதாலேயே உண்டாகும் காற்று எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. தூக்குவிசை நான்கு மடங்கானால் அது பதினாறு மடங்கு. கட்டுப்பாட்டுக் குச்சியை வயிறு வரை இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் புதியவர், நாலைந்து சுற்றில் வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் மரத்துக்கு மேலே தள்ளாடுவது இதனால்தான்.

தர்மபுரியில் ஒரு கணினி மையத்தில் நான் பார்த்த ஆட்டத்தில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. ஒரு மாணவர் மேலேயிருந்து பாய்ந்து வந்தார். எதிரி சட்டென்று இடப்புறம் வளைந்தான். மாணவர் அவனோடு வளையவில்லை. விமானத்தின் மூக்கை மெல்ல வானத்துக்குத் தூக்கினார்; எதிரி திரையின் கீழ் ஓரத்துக்கு நழுவினான். பக்கத்திலிருந்த பையன் பதறிப்போய், “விட்டுவிட்டீர்களே, அண்ணா!” என்றான். “எங்கே போய்விடுவான்? கீழேதானே இருக்கிறான்” என்றபடியே அவர் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். மேலே ஏறியதில் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததால் திருப்பத்தின் வட்டம் சுருங்கியது. இழந்த வேகமோ உயரமாக உடன் இருந்தது. மூக்கைக் கீழே இறக்கியபோது எதிரி வட்டத்தின் நடுவில் அகப்பட்டிருந்தான், வேகம் முழுவதையும் திருப்பத்தில் தொலைத்த நிலையில். விமானிகள் இதை ‘உயர் யோ-யோ’ என்பார்கள். மாணவரின் விரல்கள் அவசரப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆற்றலுக்கு அடுத்தது பார்வை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் இறக்கை விரிவு சுமார் 10 மீட்டர். குறுக்கே 1,920 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட திரை 80 பாகை அகலக் காட்சியைக் காட்டுகிறது என்றால், 2 கிலோமீட்டருக்கு அப்பால் அந்த விமானம் ஆறேழு புள்ளி அகலம்தான். 5 கிலோமீட்டரில் இரண்டு மூன்று புள்ளிதான். கண்ணின் கூர்மையான பகுதியோ இரண்டு பாகை அளவே. ஆகவே வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம் என்பது பிரமை. தேர்ந்த ஆட்டக்காரர் வானத்தைப் பகுதி பகுதியாகத் துழாவுகிறார். சில விநாடிகளுக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கிறார். பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, காணாமல் போன எதிரி இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று கணிக்கிறார்.

சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில விநாடிகள் காட்டினால் வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. வல்லுநரின் பலம் பொதுவான நினைவாற்றல் அல்ல, பழகிய அமைப்புகளை ஒரே பார்வையில் அடையாளம் காண்பது. எதிரியின் சாய்வையும் மூக்கின் கோணத்தையும் பார்த்த மாத்திரத்தில் அடுத்த ஐந்து விநாடியைச் சொல்லிவிடும் ஆட்டக்காரருக்கும் அந்தப் பயிற்சிதான் வாய்த்திருக்கிறது.

நிஜ விமானிக்கு உடலே ஒரு கருவி. திருப்பத்தில் இருக்கை முதுகை அழுத்தும், பார்வை மங்கும். நாற்காலியில் இருப்பவருக்கு அது கிடையாது. அவர் காதை நம்புகிறார்: காற்றின் இரைச்சல் தணிந்தால் வேகம் போகிறது, விமானம் நடுங்கினால் இறக்கை தூக்கும் திறனின் எல்லையைத் தொட்டுவிட்டது. பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடுபவர்கள் இந்தத் தகவலை வீணாக்குகிறார்கள்.

சுடுவது கடைசிக் கட்டம். 300 மீட்டர் தூரத்தைக் கடக்கக் குண்டுக்குச் சுமார் 0.4 விநாடி ஆகும். அதற்குள் குறுக்கே 400 கிலோமீட்டர் வேகத்தில் போகும் எதிரி 44 மீட்டர் நகர்ந்துவிடுவான்; அவன் விமானத்தின் நீளத்தைப் போல ஐந்து மடங்கு. இதோடு இணையத் தாமதமும் சேர்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 7,500 கிலோமீட்டருக்கு அப்பால் ஐரோப்பாவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப, நேர்க்கோட்டில் போனாலே 75 மில்லிவிநாடி வேண்டும். இடைவெளியை நிரப்ப மென்பொருள் எதிரியின் நிலையை ஊகித்து வரைகிறது. அவன் சட்டென்று திரும்பினால் ஊகம் தப்பும். ஒரே திசையில் பின்தொடர்ந்து நெருங்கிச் சுட்டால் இரண்டு பிழைகளும் சிறுத்துவிடும். தாக்கும் முன் சாதகமான நிலையைப் பிடி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வை, நெருங்கிய பின்பே சுடு என்று ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916-இல் வகுத்த விதிகள் தர்மபுரியில் உள்ள திரையிலும் செல்லுபடியாவது இதனால்தான்.

2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு, அனுபவமுள்ள எஃப்-16 விமானி ஒருவரைச் சிமுலேட்டரில் 5-0 என வீழ்த்தியது. எதிரி எங்கே இருக்கிறான் என்ற தகவல் அந்த மென்பொருளுக்குத் துல்லியமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. மனிதர் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவற்றைக் கற்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பல விளையாட்டுகளில் முடிந்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. சுடப்பட்ட கணத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை ஓடவிடுங்கள். உயரத்தையும் வேகத்தையும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தாளில் குறித்து, மேலே சொன்ன முறையில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தொகை செங்குத்தாகச் சரியும் இடத்தில் எந்தத் திருப்பத்தை எடுத்தீர்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது பின்னால் பார்த்தீர்கள் என்பது அந்தத் தாளில் தெரியும்.