செல்லை உறங்க வைக்கும் ஏஐ: அரசுக் கொள்கை எதைக் கேட்க வேண்டும்?

இரவில் பயன்பாடு குறைந்ததும் கூடுதல் அலைவரிசைகளை அணைத்து, அதாவது செல்லை (கோபுரத்தின் ஓர் ஆன்டெனா ஓர் அலைவரிசையில் சிக்னல் தரும் பகுதியை) உறங்க வைத்து, மின்சாரம் மிச்சம் பிடிப்பது, மொபைல் நெட்வொர்க்கில் ஏஐ செய்யும் பரவலான வேலைகளுள் ஒன்று. சாதுவாகத் தெரியும் இந்த வேலையிலேயே கொள்கையின் ஓட்டைகள் தெரிந்துவிடும்.

ஏஐ மாடல் பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிறது. இடையில் திடீரென ஏறி இறங்கும் பயன்பாடு சராசரியில் கரைந்துவிடும். பக்கத்து செல் பழுதாகிக் கிடக்கும்போது இந்தச் செல்லையும் உறங்க வைத்தால் சிக்னலே போய்விடலாம். வெள்ள நாட்கள் பயிற்சித் தரவில் மிகக் குறைவு. அன்றைக்குத்தான் மாடல் தடுமாறும். மின்சேமிப்பை மட்டும் இலக்காகக் கொடுத்தால், ஆள் குறைந்த பகுதிகளின் செல்களே முதலில் அணையும், நெடுநேரம் அணைந்தும் கிடக்கும். பாரபட்சம் இப்படித்தான் நுழைகிறது, யாரும் திட்டமிடாமலே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், முக்கிய டிஜிட்டல் உள்கட்டமைப்பின் பாதுகாப்புக் கூறாக இயங்கும் ஏஐயை உயர் அபாய வகையில் சேர்க்கிறது. செயல்பாட்டுப் பதிவும் மனித மேற்பார்வையும் அதற்குக் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஜூலையில், அபாயத்துக்கேற்ற ஒழுங்குமுறையையும் அதற்கெனத் தனிச் சட்டபூர்வ ஆணையத்தையும் பரிந்துரைத்தது. ஏஐயின் நியாயத்தன்மையை மதிப்பிட, தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் அதே ஆண்டில் ஒரு தரநிலையை வெளியிட்டது.

எல்லாம் சரி, மேற்பார்வை எந்த நொடியில்? ஓ-ரான் (பல நிறுவனங்களின் கருவிகளை இணைத்து இயக்கும் திறந்த மொபைல் நெட்வொர்க்) கட்டமைப்பில், நிலையைப் பார்த்து அமைப்பை மாற்றும் ஒருவகைக் கட்டுப்பாட்டுச் சுற்று 10 மில்லி செகண்ட் முதல் 1 செகண்டுக்குள் முடிந்துவிடும். அதற்குள் யார் ஒப்புதல் கொடுப்பது? எல்லையை முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். அவசர அழைப்பைத் தாங்கும் அடிப்படை கவரேஜ் அடுக்கு மாடலின் கைக்கு எட்டவே கூடாது. ஆன்டெனா சாய்வையும் சிக்னல் திறனையும் ஒரே தடவையில் எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். பக்கத்து செல்லில் பழுது அலாரம் இருந்தால் உறக்கக் கட்டளை தானாகவே தடைபட வேண்டும்.

பழைய அமைப்புக்குத் திரும்பும் வழி ஏஐ தளத்துக்கு வெளியே இருக்கட்டும். தளமே முடங்கினாலும் அது வேலை செய்யும். லாகில் (செயல்பாட்டுப் பதிவேட்டில்) மாடலின் பதிப்பு, அது பார்த்த தரவு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு நான்கும் பதிவாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விசாரணை ஊகத்தில்தான் முடியும். ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகும் அறிக்கையில், மாவட்ட சராசரி பெரிதாக உதவாது, மிக மோசமான செல்களின் பட்டியலே பயன்படும்.

சோதனையை ஒரே தடவையோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. பேஸ் ஸ்டேஷன் (கோபுரத்துக் கருவி) மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, பயன்பாட்டை எண்ணிக் காட்டும் ஒரு கவுன்டரின் பொருளே மாறிவிடுவதுண்டு. மாடலுக்கு அது தெரியாது, அலாரமும் அடிக்காது. எனவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் மாடல் சில நாள் பரிந்துரை மட்டும் செய்யட்டும். அதன் கணிப்பை நிஜ அளவோடு ஒப்பிட்ட பிறகே கட்டுப்பாட்டைத் திரும்பக் கொடுக்கலாம்.